உங்களுக்குத் தெரியுமா? காய்ச்சலுக்குப் பின்னால் வந்த கொலையாளி

1918-19இல் பரவிய இன்ஃப்ளூயன்சா (ஃப்ளூ), உலகெங்கும் சுமார் 5 கோடிப் பேரைப் பலிகொண்டதாக மதிப்பிடுகிறார்கள். ஆனால் பெரும்பாலோரின் உயிரைப் பறித்தது வைரஸ் மட்டுமல்ல. அதைத் தொடர்ந்து நுரையீரலைத் தாக்கிய பாக்டீரியா நிமோனியாவும்தான்.

● அப்போது இறந்த 58 பேரின் பாதுகாக்கப்பட்ட நுரையீரல் திசுக்களை அமெரிக்க விஞ்ஞானிகள் மீண்டும் ஆராய்ந்து, 2008இல் முடிவை வெளியிட்டனர். ஏறக்குறைய எல்லாவற்றிலும் பாக்டீரியாத் தொற்றின் தடயம் இருந்தது.

● நம் மூச்சுக்குழாயின் உட்புறத்தில் உள்ள நுண்ணிய மயிரிழைகள், சளியோடு கிருமிகளையும் மேலே தள்ளி வெளியேற்றுகின்றன. ஃப்ளூ வைரஸ் இந்த மயிரிழைகளைக் கொண்ட செல்களை அழித்துவிடுகிறது. அதுவரை மூக்கிலும் தொண்டையிலும் தீங்கின்றி இருந்த நியூமோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் தடையின்றி நுரையீரலுக்குள் இறங்கிவிடுகின்றன. இதுவே இரண்டாம்நிலைத் தொற்று.

● 1918இல் ஆன்டிபயாட்டிக் மருந்துகள் இல்லை. பெனிசிலின் கண்டுபிடிக்கப்பட்டதே 1928இல்தான்.

● நோயாளிகளிடம் அடிக்கடி தென்பட்ட ஒரு பாக்டீரியாவையே ஃப்ளூவுக்குக் காரணம் என அன்றைய மருத்துவர்கள் பலர் நம்பினர். மனிதரைத் தாக்கும் ஃப்ளூ வைரஸ் 1933இல்தான் பிரித்தறியப்பட்டது.

● ஆன்டிபயாட்டிக் வைரஸைக் கொல்லாது. எனவே சாதாரண ஃப்ளூவுக்கு நாமாகவே அதை வாங்கி விழுங்கக் கூடாது. ஃப்ளூ தடுப்பூசியும் நியூமோகாக்கல் தடுப்பூசியும் இரண்டாம்நிலைத் தொற்றின் ஆபத்தைக் குறைக்கும்.

கவனிக்க: குறைந்த காய்ச்சல் சில நாட்களில் மீண்டும் ஏறினாலோ, மூச்சுத்திணறல், நெஞ்சுவலி இருந்தாலோ உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.