வகுத்தலில் தொலைந்துபோகும் பூஜ்யம்

612-ஐ 6-ஆல் வகுக்கச் சொன்னால் பல பிள்ளைகள் எழுதும் விடை 12. வாய்ப்பாடு தெரியாததால் வந்த பிழை அல்ல இது. ஓராறு ஆறு, ஈராறு பன்னிரண்டு என்று இரண்டையும் சரியாகவே சொல்லியிருப்பார்கள். நடுவில் நிற்கும் 1-ல் ஆறு போகாது. உடனே அடுத்த 2-ஐ இறக்கிப் பன்னிரண்டாக்கி வகுத்துவிடுகிறார்கள். போகாத இடத்தில் ஈவில் ஒரு பூஜ்யம் போட வேண்டும் என்பது விட்டுப்போகிறது. சரியான விடை 102.

"எத்தனை தடவை சொல்றது, ஜீரோ போடுன்னு!" என்று வீட்டில் அதட்டுகிறோம். பிள்ளையும் போடுகிறது, அடுத்த கணக்கில் வேண்டாத இடத்திலும் போடுகிறது. காரணம் தெரியாமல் மனப்பாடமான விதி அப்படித்தான் தடுமாறும்.

நோட்டை மூடிவிட்டுப் பணத்தை எடுங்கள். நூறு ரூபாய்த் தாள் ஆறு, பத்து ரூபாய்த் தாள் ஒன்று, ஒரு ரூபாய் நாணயம் இரண்டு. காகிதத்தில் வெட்டிய பொய்த்தாள்களே போதும். ஆறு பேருக்குச் சமமாகப் பிரிக்கச் சொல்லுங்கள். நூறு, ஆளுக்கு ஒன்று. பத்து ரூபாய்த் தாள் ஒன்றுதான் இருக்கிறது, ஆறு பேருக்கு எப்படிக் கொடுப்பது? யாருக்கும் கிடையாது. ஈவின் நடுவில் வரும் பூஜ்யம் அதுதான். இனி அந்தத் தாளைச் சில்லறை மாற்றினால் பத்து நாணயங்கள். இருந்த இரண்டோடு பன்னிரண்டு. ஆளுக்கு இரண்டு. 'கீழே இறக்கு' என்று பள்ளியில் சொல்வது இந்தச் சில்லறைக் கணக்கைத்தான்.

இன்னொரு குழப்பமும் இங்கே தீரும். கூட்டல், கழித்தல், பெருக்கல் மூன்றையும் வலப்பக்கமிருந்து, ஒன்றாம் இடத்திலிருந்து தொடங்கப் பழகிய பிள்ளையிடம், வகுத்தலை மட்டும் இடப்பக்கமிருந்து தொடங்கு என்கிறோம். ஏன் என்று யாரும் சொல்வதில்லை. பெரிய தாளை முதலில் பிரித்தால்தான் மிஞ்சியதைச் சில்லறையாக்க முடியும். ஒருமுறை கையால் செய்து பார்த்த பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டாம்.

பிரதம் அமைப்பின் 'அசர்' ஆய்வு, ஊரகப் பகுதிகளில் வீடு வீடாகச் சென்று பிள்ளைகளைச் சோதிக்கிறது. அதன் கணக்குச் சோதனையில் கடைசிப் படி, மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுப்பது. 2024-ல் நாடு முழுக்க ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறக்குறைய 30 விழுக்காட்டினரே அதைச் செய்தார்கள். வேதனையான எண்தான். ஆனால் வகுக்கத் தெரியவில்லை என்று முடிவுகட்டும் முன், எங்கே இடறுகிறது என்று பாருங்கள். வகுத்தலுக்குள் பெருக்கலும் கழித்தலும் இருக்கின்றன. கடன் வாங்கிக் கழிப்பதில் தடுமாறும் பிள்ளைக்கு வகுத்தலை நூறு முறை சொல்லிக்கொடுத்தும் பயனில்லை. கழித்தலைச் சரிசெய்தால் பாதிப் பாரம் குறைந்துவிடும்.

ஈரிலக்க எண்ணால் வகுக்கும்போது பயம் இரட்டிப்பாகிறது. 1728-ஐ 24-ஆல் வகுக்க வேண்டும். 24-ஆம் வாய்ப்பாடு யாருக்கு நினைவில் இருக்கும்? நோட்டின் ஓரத்தில் 24, 48, 72, 96, 120, 144, 168 என்று எழுதிக்கொள்ளட்டும். அது காப்பியடிப்பது அல்ல. 172-ல் 168 அடங்கும், ஏழு தடவை, மீதி 4. எட்டை இறக்கினால் 48, இரண்டு தடவை. விடை 72. ஊகித்துப் போட்ட எண் கூடிப்போனால் அழித்துவிட்டு ஒன்று குறைப்பதும் இந்த முறைக்குள்ளேயே அடக்கம்; அதைத் தப்பு என்று திட்டாதீர்கள்.

பயிற்சி என்று ஒரே மூச்சில் இருபது கணக்கு கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன். நாளுக்கு இரண்டு மூன்று போதும், கட்டம் போட்ட நோட்டில், ஒரு கட்டத்துக்கு ஓர் இலக்கம். இலக்கங்கள் நேர்கோட்டில் நின்றாலே பாதிப் பிழை போய்விடும். முடித்ததும் ஈவை வகுக்கும் எண்ணால் பெருக்கி, மீதியைக் கூட்டி, பிள்ளையே சரிபார்க்கட்டும். 12-ஐ ஆறால் பெருக்கினால் 72. 612 எங்கே, 72 எங்கே? சிவப்புப் பேனா நம் கையில் இருக்க வேண்டியதில்லை.

மீதியையும் சும்மா விட்டுவிடக் கூடாது. 100-ஐ 12-ஆல் வகுத்தால் ஈவு 8, மீதி 4. ஒரு பேனா 12 ரூபாய் என்றால் 100 ரூபாய்க்கு எட்டுப் பேனா. ஒரு வேனில் 12 பேர் என்றால், சுற்றுலா போகும் 100 பிள்ளைகளுக்கு ஒன்பது வேன் வேண்டும். அந்த நான்கு பேரை விட்டுவிட்டா போவது என்று கேளுங்கள்.