செனகல் முஸ்லிம்களும் வாக்குச்சீட்டும்

முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாட்டில் ஜனநாயகம் நிலைக்காது என்று தொலைக்காட்சி விவாதங்களில் பேசும்போது நம் வீட்டுப் பிள்ளைகளும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். நம்மில் சிலரோ, ஜனநாயகம் மேற்கத்தியச் சரக்கு, நமக்கு ஒத்துவராது என்கிறார்கள். எதிரெதிர் முகாம்களில் இருந்துகொண்டு இருவரும் ஒரே முடிவுக்கு வருவது வேடிக்கைதான். மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலை இரு தரப்பும் கண்டுகொள்வதில்லை.

அங்கே 90 சதவீதத்துக்கும் அதிகமானோர் முஸ்லிம்கள். ஆனால் 1960இல் விடுதலை பெற்ற நாட்டின் முதல் அதிபரான லியோபோல்டு செங்கோர் ஒரு கத்தோலிக்கர். அவர் இருபது ஆண்டுகள் ஆட்சியில் இருந்தார். முரீதிய்யா தரீக்காவின் கலீஃபா அவருக்குப் பக்கபலமாக நின்றார். செங்கோர் எதிர்க்கட்சிகளை ஒடுக்கியதும் உண்மை. அதை நாம் மறைக்கத் தேவையில்லை.

வாக்களிப்பது அங்கே விடுதலைக்குப் பிறகு வந்த புதுப்பழக்கமும் அல்ல. செயின்ட் லூயி உள்ளிட்ட ஊர்களின் மக்கள் பிரெஞ்சு ஆட்சியில் 1848இலேயே வாக்களித்தனர். ஆனால் அவர்கள் முழுக் குடிமக்களா என்ற கேள்வி நீடித்தது. திருமணம், வாரிசுரிமை ஆகியவற்றில் ஷரீஅத்தை விட்டால்தான் குடியுரிமை என்றனர் பலர். 1914இல் பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்குத் தேர்வான பிளேஸ் தியாஞ் என்ற கறுப்பின உறுப்பினர், 1916இல் ஒரு சட்டம் கொண்டுவந்து இதற்கு முடிவு கட்டினார். அந்த ஊர் முஸ்லிம்கள் தங்கள் தனியார் சட்டத்தையும் வைத்துக்கொண்டு குடிமக்களாகவும் இருக்கலாம் என்றானது. தனியார் சட்டத்தைப் பற்றி இன்றும் வாதாடும் நமக்கு இது தூரத்துக் கதையாகத் தோன்றாது.

சரி, தரீக்காக்களின் செல்வாக்கு வாக்குரிமையை விழுங்கிவிடாதா? நியாயமான கேள்வி. 1988 தேர்தலில் முரீதிய்யா கலீஃபா, அதிபர் அப்து தியூஃபுக்கு வாக்களிக்குமாறு முரீதுகளுக்குக் கட்டளையிட்டார். இதற்கு அங்கே ‘ந்திகெல்’ என்று பெயர். தியூஃப் வென்றார், ஆனால் முரீதுகளிலேயே பலருக்கு அது பிடிக்கவில்லை. தீனில் ஷைகு சொல்வதைக் கேட்போம், வாக்கு எங்களுடையது என்ற எண்ணம் வளர்ந்தது. 1993 தேர்தலில் அப்படி வெளிப்படையான கட்டளை வரவில்லை. எந்த வெளிநாட்டு நிறுவனமும் வந்து பாடம் நடத்தி நிகழ்ந்த மாற்றம் அல்ல இது.

2000இல் அதே தியூஃப் தோற்றார், தோல்வியை ஏற்று வெளியேறினார். அவரை வென்ற அப்துலாய் வாத் 2012இல் மூன்றாம் முறையும் நின்று தோற்று, அவரும் விலகினார். அடுத்து வந்த மக்கி ஸால் காலத்தில்தான் பெரிய சோதனை. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறைக்குப் போயினர், போராட்டங்களில் இளைஞர்கள் பலர் உயிரிழந்தனர். 2024 பிப்ரவரியில் தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்த நிலையில் அதை ஸால் தள்ளிவைத்தார். நாடாளுமன்றமும் டிசம்பருக்கு நாள் குறித்தது. அரசியலமைப்பு மன்றம் அது செல்லாது என்றது. இராணுவம் தெருவுக்கு வந்து ஆட்சியைப் பிடிக்கவில்லை. அண்டை நாடுகளான மாலியிலும் கினியாவிலும் அப்போது இராணுவ ஆட்சிதான் நடந்துகொண்டிருந்தது.

மார்ச் 24இல் வாக்குப்பதிவு நடந்தது. பத்து நாள்களுக்கு முன்புதான் சிறையிலிருந்து வெளிவந்திருந்த பசிரு தியோமாய் ஃபாய் முதல் சுற்றிலேயே வென்றார். ஆளுங்கட்சி வேட்பாளர் அமது பா அவருக்கு வாழ்த்துச் சொன்னார். ஏப்ரல் 2இல் ஃபாய் பதவியேற்றார். அவருக்கு அப்போது வயது 44.