மானிட்டரில் பளிச், பேப்பரில் மங்கல்: கேட்லாக் படம் எங்கே கெட்டுப்போகிறது?

விருத்தாசலம் பக்கம் நல்லூரில் ஒரு சின்ன பீங்கான் யூனிட், கார்த்திகைக்கு முன்னால் அகல்விளக்கு கேட்லாக் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். டிடிபி சென்டர் மானிட்டரில் அகல் பளிச்சென்று இருக்கிறது. அச்சாகி வந்தால் விளிம்பெல்லாம் கட்டம் கட்டமாக இருக்கிறது. திட்டு வாங்குவது பிரஸ்காரர். ஆனா பல நேரம் தப்பு அவர் மேல இல்லைங்க.

இன்டிசைனில் 'பிளேஸ்' கொடுத்து படம் வைத்தால், பொதுவாக முழுப் படமும் பக்கத்துக்குள் வந்து உட்காராது. வருவது ஒரு மாதிரிப் படமும், ஒரிஜினல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற முகவரியும்தான். ஃபைல் கனமாகாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. பக்க ஃபைலை மட்டும் பென் டிரைவில் கொடுத்தனுப்பினால், பிரஸ்ஸில் முகவரி இருக்கும், வீடு இருக்காது. லிங்க்ஸ் பேனலில் சிவப்புக் கேள்விக்குறி வரும். அதைக் கவனிக்காமல் பிடிஎஃப் எடுத்தால் அச்சாவது அந்த மாதிரிப் படம். 'பேக்கேஜ்' கொடுத்தால் படங்கள், ஃபான்ட் எல்லாம் ஒரே ஃபோல்டரில் சேர்ந்துவிடும். (கோரல்டிராவில் இம்போர்ட் செய்தால் படம் வழக்கமாக உள்ளேயே வந்துவிடும், அங்கே இந்தத் தலைவலி குறைவு.)

இன்னொரு வில்லன் வாட்ஸ்அப். நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பது பொதுக் கணக்கு. அனுப்பும்போது சுருங்கி 1600 பிக்சல் அகலமாகிவிட்ட படம் சுமார் 5.3 அங்குலத்துக்குத்தான் தாங்கும். ஏ4 முழு அகலத்துக்கு ஏறக்குறைய 2480 வேண்டும். இழுத்துப் பெரிதாக்கினால் பிக்சல் கூடாது, இருக்கிற பிக்சல்தான் பெருக்கும். பேனலில் 'எஃபெக்டிவ் பிபிஐ' எவ்வளவு காட்டுகிறது என்று பார்க்கச் சொல்லுங்க. போட்டோவை 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்க.