லைப்போசக்ஷன்: கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதும் கல்யாண மாதங்கள் நெருங்கும்போதும் என் கைப்பேசிக்கு ஒரே மாதிரியான அழைப்புகள் வரும். "அக்கா, வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சியே எடுத்துவிடுகிறார்களாமே, செய்து கொள்ளலாமா?" இருபத்திரண்டு ஆண்டுகள் அறுவை சிகிச்சைக் கூடத்தில் தாதியாக வேலை பார்த்தவள் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். முன்பு பெரும்பாலும் நடுத்தர வயதுப் பெண்கள் கேட்டார்கள். இப்போது வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று ஆண்டுகளே ஆன இளைஞர்களும் கேட்கிறார்கள்.

நான் யாரிடமும் "வேண்டவே வேண்டாம்" என்று சொல்வதில்லை. சரியான உடல்நிலை உள்ளவருக்கு, சரியான இடத்தில், சரியான கைகளால் செய்யப்பட்டால் நல்ல பலன் தரும் சிகிச்சைதான் இது. ஆனால் இது அறுவை சிகிச்சை. முகத்துக்குப் பூச்சுப் போடுவது போன்ற அழகு பராமரிப்பு அல்ல. இந்த ஒரு விஷயத்தை மனத்தில் நிறுத்திக்கொண்டால், மற்ற கேள்விகளெல்லாம் தானாக வரும்.

உள்ளே என்ன நடக்கிறது?

முதலில் தோலுக்கு அடியில் உப்பு நீரைச் செலுத்துவார்கள். அதில் வலியை மரக்கச் செய்யும் லிடோகேய்ன் மருந்தும், இரத்தக் குழாய்களைச் சுருக்கி இரத்தப் போக்கைக் குறைக்கும் அட்ரினலினும் கலந்திருக்கும். 1980களில் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஜெஃப்ரி கிளைன் உருவாக்கிய முறை இது. பிறகு சிறிய துளை வழியாகச் சில மில்லிமீட்டர் தடிமன் கொண்ட குழாயைச் செருகி, முன்னும் பின்னும் அசைத்துக் கொழுப்பைத் தளர்த்தி உறிஞ்சுவார்கள்.

குழாயின் முனை எங்கே போகிறது என்பதை மருத்துவர் கண்ணால் பார்ப்பதில்லை. கையின் உணர்வாலும் பயிற்சியாலும்தான் அறிகிறார். முனை கொஞ்சம் ஆழம் தவறினால் வயிற்றுச் சுவரைத் தாண்டிக் குடலைத் துளைக்கலாம். லிடோகேய்ன் அளவு மீறினால் இதயமும் மூளையும் பாதிக்கப்படும். கால் நரம்பில் உறைந்த இரத்தமோ, கொழுப்புத் துகளோ நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்வதும் உண்டு. இவையெல்லாம் அடிக்கடி நடப்பவை அல்ல. ஆனால் நடந்தால் அடுத்த சில நிமிடங்களில் என்ன செய்வது என்று தெரிந்தவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

எடை குறையும் என்று நம்பாதீர்கள்

இது உடலின் வடிவத்தைத் திருத்தும் சிகிச்சை. உடல் எடையைக் குறைக்கும் சிகிச்சை அல்ல. ஏற்கெனவே ஓரளவு சீரான எடையில் இருந்து, உடற்பயிற்சி செய்தும் கரையாமல் கை, தொடை, இடுப்பு ஆகிய இடங்களில் தங்கிவிட்ட கொழுப்புக்குத்தான் இது ஏற்றது. ஒரே தடவையில் ஐந்து லிட்டருக்கு மேல் உறிஞ்சினால், அதை மருத்துவமனையிலோ அதற்குச் சமமான அங்கீகாரம் பெற்ற இடத்திலோ செய்து, இரவு முழுவதும் கண்காணிக்க வேண்டும் என்பது அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜரி வல்லுநர் சங்கத்தின் அறிவுரை. "ஒரே நாளில் பத்துக் கிலோ" என்று விளம்பரம் கண்டால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

நம் சமூகம் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசிய இந்தியர்களில் பெரியவர்கள் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. எல்லா இனங்களிலும் இதுவே அதிகம். நீரிழிவோடு நெருங்கிய தொடர்புள்ளது, குடலையும் கல்லீரலையும் சுற்றிப் படியும் உள் கொழுப்பு. லைப்போசக்ஷன் குழாய் அந்த இடத்தைத் தொடாது, தொடவும் கூடாது. அது எடுப்பது தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பை மட்டுமே.

2004இல் அமெரிக்காவில் 15 பருமனான பெண்களின் வயிற்றிலிருந்து ஏறக்குறைய பத்துக் கிலோ கொழுப்பை எடுத்துச் சோதித்தார்கள். மூன்று மாதங்களுக்குள் மீண்டும் பரிசோதித்தபோது இன்சுலின் செயல்பாடு, இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் எதிலும் முன்னேற்றம் இல்லை. இடுப்பளவு குறைந்தது, ஆனால் உடல்நலம் இருந்த இடத்திலேயே இருந்தது. "அறுவை சிகிச்சை செய்துகொண்டால் சர்க்கரையும் குறையும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

குழாயைப் பிடிப்பவர் யார்?

2020 அக்டோபரில் செராஸில் 23 வயதுப் பெண் ஒருவர், கைகளில் இருந்த கொழுப்பை எடுக்கப் போய் உயிரிழந்தார். அவர் போன இடம் மருத்துவமனை அல்ல, அழகு நிலையம்.

மருத்துவர் செய்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. 2009 டிசம்பரில் சிங்கப்பூரில் 44 வயது நிறுவன நிர்வாகி ஒருவர் கிளினிக் ஒன்றில் லைப்போசக்ஷன் செய்துகொண்டபின் இறந்தார். செய்தவர்கள் மருத்துவர்கள்தாம். குடலில் பல துளைகள் விழுந்திருந்தன. ஆனால் உயிரைப் பறித்தது, புரோபோஃபால் மயக்க மருந்தால் மூச்சுப் பாதை அடைபட்டது என மரண விசாரணை முடிவு சொன்னது. மயக்க நிலையை மட்டுமே கவனிக்கத் தனியாக ஒரு மயக்கவியல் நிபுணர் அங்கே இல்லை.

சென்ற ஆண்டு என் அக்காள் மகள் கல்யாணத்துக்கு நான்கு மாதம் இருந்த நேரத்தில், கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள ஓர் அழகு நிலையத்தின் விளம்பரத்தைக் காட்டினாள். இரண்டு கைகளுக்கும் 3,999 ரிங்கிட். "சித்தி, சேலைக்கு ரவிக்கை அளவு கொடுக்கும் முன்னே செய்துகொள்கிறேன்" என்றாள். நானும் கூடப் போனேன்.

மருத்துவரின் முழுப் பெயரைக் கேட்டேன். "டாக்டர் அன்றைக்குத்தான் வருவார்" என்றார் அங்கிருந்த பெண். மயக்க மருந்து யார் கொடுப்பார் என்றேன். "சும்மா மரத்துப்போக ஊசி போடுவோம், சாப்பாட்டு நேரத்திலேயே முடிந்துவிடும்" என்றார். அவசரம் என்றால் எந்த மருத்துவமனைக்குக் கொண்டு போவீர்கள் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. "இன்றைக்கே 500 ரிங்கிட் கட்டினால் 30 விழுக்காடு கழிவு" என்று மட்டும் சொன்னார். இருவரும் எழுந்து வந்துவிட்டோம்.

பிறகு ஒரு மருத்துவமனையில் பிளாஸ்டிக் சர்ஜரி நிபுணரைப் பார்த்தோம். கையில் செய்யலாம், ஆனால் முதலில் இரத்தப் பரிசோதனை என்றார். சர்க்கரை, நீரிழிவுக்கு முந்தைய கட்டத்தில் இருந்தது. 27 வயதுப் பெண்ணுக்கு அது தெரியவே தெரியாது. "மூன்று மாதம் உணவையும் நடையையும் சரிசெய்துகொண்டு வாருங்கள், பிறகு பேசுவோம்" என்று அனுப்பிவிட்டார். அவசரப்படுத்தாத மருத்துவரே நல்ல மருத்துவர் என்று அன்று அவளிடம் சொன்னேன். கல்யாணமும் நல்லபடியாக முடிந்தது. அறுவை சிகிச்சை பற்றி அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. இப்போது சர்க்கரை அளவைத்தான் கவனித்து வருகிறாள்.

நீங்கள் கேட்க வேண்டியவை

மருத்துவரின் முழுப் பெயர் என்ன? அந்தப் பெயரை மலேசிய மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் இணையம்வழி நீங்களே தேடலாம். இந்த ஆண்டுக்கான தொழில் சான்றிதழ் இருக்கிறதா என்றும் பாருங்கள். பிளாஸ்டிக் சர்ஜரி நிபுணர் என்று சொன்னால் தேசிய நிபுணர் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். சுவரில் மாட்டியிருக்கும் வெளிநாட்டுப் பயிற்சிச் சான்றிதழ்கள் இதற்கு ஈடாகாது.

இடம் எது? நம் நாட்டில் தனியார் மருத்துவமனைகளும் கிளினிக்குகளும் 1998ஆம் ஆண்டின் தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டத்தின் கீழ் சுகாதார அமைச்சின் அனுமதி பெற்றிருக்க வேண்டும். அழகு நிலையத்துக்கு ஊராட்சி மன்றம் தரும் வியாபார உரிமம் அறுவை சிகிச்சைக்கான அனுமதி ஆகாது.

மயக்க மருந்து கொடுப்பவர் யார்? அவர் கடைசி வரை உங்கள் பக்கத்திலேயே இருப்பாரா? எத்தனை லிட்டர் எடுக்கப் போகிறார்கள்? சிக்கல் வந்தால் செலவு யாருடையது? அழகுக்காகச் செய்யும் சிகிச்சைக்குப் பொதுவாக மருத்துவக் காப்புறுதி பணம் தராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

நீங்கள் சொல்ல வேண்டியவை

எதையும் மறைக்காதீர்கள். நீரிழிவு, இரத்த அழுத்தம், ஆஸ்துமா, முன்பு காலில் இரத்தம் உறைந்தது, கருத்தடை மாத்திரை, ஆஸ்பிரின் அனைத்தையும் சொல்லுங்கள். பூண்டு, மஞ்சள், கிங்கோ மாத்திரைகளும் இரத்தப் போக்கைக் கூட்டக்கூடும். எடை குறைக்கும் ஊசி போடுபவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த ஊசியால் வயிறு மெதுவாகவே காலியாகும். மயக்கத்தில் வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு. புகைப்பவர்கள் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும்.

வீடு திரும்பிய பின்

இறுக்கமான அழுத்த உடையைப் பல வாரம் அணிய வேண்டும். நம் ஊர் வெக்கையில் அது சுலபமில்லை. வீக்கமும் கன்றிப்போன நிறமும் மெல்லத்தான் மறையும். உண்மையான வடிவம் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். அடுத்த மாதக் கல்யாணத்துக்கு இந்த மாதம் செய்துகொண்டால் வீங்கிய உடம்போடுதான் மணவறையில் உட்கார வேண்டியிருக்கும்.

மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, ஒரு காலில் மட்டும் வீக்கம், காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, தோல் கறுத்துப் போவது ஆகியவற்றில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்காமல் 999ஐ அழையுங்கள், அல்லது அருகில் உள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். சிகிச்சைக்காக ஹட்யாய்க்கோ பேங்காக்குக்கோ போக நினைப்பவர்கள், இப்படி ஒன்று திரும்பி வரும் பயணத்தில் நடந்தால் என்ன செய்வோம் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

எடுத்த கொழுப்புச் செல்கள் போனது போனதுதான். ஆனால் மிச்சமிருக்கும் செல்கள் பெருக்கும். பழைய சாப்பாட்டுப் பழக்கத்துக்குத் திரும்பினால், தொடையில் எடுத்தது வயிற்றில் வந்து சேரலாம்.

முன்பணம் கட்டும் முன் ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வாரத்தில் உங்கள் குடும்ப மருத்துவரிடம் ஒருமுறை பேசுங்கள், வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். இரகசியமாகப் போய் இரகசியமாகத் திரும்பும் சிகிச்சையாக இதை ஆக்கிவிடாதீர்கள். உங்களோடு வந்து கேள்வி கேட்க ஒருவர் இருந்தாலே பாதி ஆபத்து விலகிவிடும்.