கருநீலம் ஏன் ஒத்துப்போவதில்லை?

கெங்குவார்பட்டியில் எங்கள் வீட்டு இரும்புக் கேட்டுக்கு இரண்டு கதவுகள். பகலில் பார்த்தால் இடக்கதவு கருநீலம், வலக்கதவும் கருநீலந்தான். மாலை ஐந்து மணிக்கு மேல் சாய்வெயில் விழும்போது மட்டும் வலக்கதவு கத்தரிக்காய்த் தோலின் சாயலைப் பெற்றுவிடும்.

நடந்தது இதுதான். இடக்கதவு முடிந்ததும் டப்பா தீர்ந்துவிட்டது. அதே கம்பெனியின் எனாமல் அன்று கிடைக்கவில்லை. பழைய டப்பாவின் மூடியை எடுத்துக்கொண்டு வத்தலக்குண்டுக்குப் போனேன். அங்கே ஒரு கடையில் வேறொரு கம்பெனியின் 'நேவி புளூ' இருந்தது. கடைக்காரர் அதில் ஒரு சொட்டை மூடியின் மேல் தடவிக் காட்டினார். எல்.ஈ.டி. விளக்கொளியில் இரண்டுக்கும் வேற்றுமை தெரியவில்லை. வாங்கி வந்தேன்.

மறுநாள் மாலை கேட்டைப் பார்த்து வீட்டில் எல்லோரும் முகம் சுளித்தார்கள். "தின்னர் அதிகமா ஊத்திட்டீங்களாண்ணே?" என்று பெயிண்டரிடம் கேட்டேன். "இல்ல சார், டப்பாவுல இருந்ததத்தான் அடிச்சேன்" என்றார். நான் நம்பவில்லை. பேசிய கூலியில் முந்நூறு ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தேன். அவர் ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டு போனார்.

கல்லூரியில் ஆண்டுதோறும் ஒளியியல் நடத்துகிறவன் நான். அன்றிரவு வாசல் விளக்கைப் போட்டதும் இரண்டு கதவுகளும் மீண்டும் ஒன்றாகிவிட்டதைக் கண்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. தின்னர் குற்றவாளி என்றால், விளக்கு மாறியதும் குற்றம் மறைவது எப்படி?

நிறம் என்பது பெயிண்டுக்குள் மட்டும் இருக்கும் பொருள் அன்று. விளக்கிலிருந்து என்னென்ன அலைநீளங்கள் வருகின்றன, அவற்றுள் எவற்றைப் பெயிண்ட் விழுங்குகிறது, எஞ்சியதை நம் கண் எவ்வாறு கணக்கெடுக்கிறது என்ற மூன்றும் சேர்ந்ததே நிறம். கண்ணுக்குப் புலனாகும் ஒளி ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை விரிந்து கிடக்கிறது. இந்த நெடும் நிறமாலையைக் கணக்கிட நம் விழித்திரையில் மூன்று வகைக் கூம்புச் செல்களே உள்ளன. முந்நூறு நானோமீட்டர் அகலத்தில் வரும் செய்தி முழுவதையும் கண் மூன்றே எண்களாகச் சுருக்கிவிடுகிறது.

மாணவர்களுக்கு இது எளிதில் விளங்கும். இரண்டு மாணவர்கள், இருவருக்கும் மொத்த மதிப்பெண் 400. ஒருவன் கணக்கில் கெட்டி, மற்றவன் தமிழில் கெட்டி. மொத்தத்தை மட்டும் பார்ப்பவருக்கு இருவரும் ஒன்றே. கணக்கின் மதிப்பெண்ணை இரட்டித்துக் கூட்டுக என்றால் உடனே இருவரும் பிரிந்துவிடுவார்கள். விளக்கு மாறுவதும் அத்தகையதே. ஒவ்வொரு விளக்கும் சில அலைநீளங்களை இரட்டிக்கிறது, சிலவற்றைக் குறைக்கிறது. ஒரு விளக்கில் ஒன்றாகத் தோன்றி மற்றொன்றில் வேறுபடும் இந்த நிறப் பொருத்தத்துக்கு மெட்டாமெரிசம் என்று பெயர்.

பட்டுச் சேலைக்கு ஜாக்கெட் துணி எடுக்கப் போகும் பெண்கள், துணியைக் கடைவாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்ப்பதை யாவரும் கண்டிருப்போம். பெயர் தெரியாமலே மெட்டாமெரிசத்தைச் சோதிக்கிறார்கள். அந்த மூடியை நானும் கடைக்கு வெளியே கொண்டுவந்து பார்த்திருக்கலாம்!

இனி, டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று காண்போம். இன்றைய நீலப் பெயிண்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு உயிர் கொடுப்பது தாமிர தாலோசயனின் என்னும் நிறமி. 1928-ல் ஸ்காட்லாந்தில் கிரேஞ்ச்மவுத் என்ற ஊரிலுள்ள சாயத் தொழிற்சாலையில், ஒரு கலத்தின் எனாமல் பூச்சு விரிந்து, உள்ளிருந்த இரும்பு வேதிப்பொருளோடு கலந்தது. வெண்மையாக வரவேண்டிய சரக்கில் கரும்நீல அழுக்குத் தென்பட்டது. அதைத் தூக்கி எறியாமல் ஆராய்ந்தார்கள். இரும்பின் இடத்தில் தாமிரம் அமர்ந்த நிறமி 1935-ல் 'மோனாஸ்ட்ரல் நீலம்' என விற்பனைக்கு வந்தது. இந்த நிறமி சிவப்பு ஒளியை மிக வன்மையாக விழுங்கும். ஆகவே பச்சைச் சாயல் கொண்ட நீலமாகத் தோன்றும்.

இதிலிருந்து கருநீலத்தை அடையப் பல வழிகள் உண்டு. தாலோ நீலத்தோடு கரியைச் சேர்த்து நிறுத்தலாம். பச்சைச் சாயலைக் கொல்ல ஓர் ஊதா நிறமியையும் சேர்க்கலாம். சலவைக்குப் போடும் நீலப்பொடியாக நாம் அறிந்த அல்ட்ராமரீனைக் கொண்டும் செய்யலாம். ஊதா நிறமியும் அல்ட்ராமரீனும் நிறமாலையின் சிவப்புக் கோடியில் சிறிதளவு ஒளியைத் திருப்பி அனுப்பும். வெள்ளை எல்.ஈ.டி. விளக்குகளில் 450 நானோமீட்டர் அருகே நீலம் மிகுதி. கோடிச் சிவப்போ மிகக் குறைவு. இல்லாத ஒளியை எந்தப் பெயிண்டும் திருப்பி அனுப்ப முடியாதன்றோ? ஆகவே அங்கே இரண்டும் ஒன்றாயின. மாலை வெயிலிலும் பழைய குண்டு பல்பிலும் சிவப்பு தாராளம். பரணிலிருந்து ஒரு குண்டு பல்பை எடுத்துக் கேட்டருகே பிடித்தேன். வலக்கதவு அப்போதே கத்தரிக்காயாயிற்று.

எல்லா நிறத்துக்கும் இது பொருந்துமே, கருநீலத்துக்கு மட்டும் என்ன தனித்தொல்லை என்று வாசகர் கேட்கலாம். கருமையில்தான் சிக்கலே இருக்கிறது. வெள்ளைச் சுவர் தன் மேல் விழும் ஒளியில் 80 விழுக்காட்டைத் திருப்புகிறது என்று கொள்வோம். அது 81 ஆனால் யாரும் கவனிப்பதில்லை. கருநீலம் திருப்புவது 2 விழுக்காடு என்க. அது 3 ஆனால் ஒன்றரை மடங்கு! கண் உணரும் வெளிச்சத்தை 0 முதல் 100 வரை அளக்கச் சர்வதேச அளவுகோல் ஒன்று உண்டு. அதன்படி 80-லிருந்து 81-க்குப் போனால் மாற்றம் 0.4 மட்டுமே. 2-லிருந்து 3-க்குப் போனால் 4.6. அதே ஒரு விழுக்காடு, பத்து மடங்கு வேற்றுமை.

இதற்கு மேல் பளபளப்பு வேறு. பெயிண்ட் படலத்தின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.5. நேராக விழும் ஒளியில் 4 விழுக்காடு உள்ளே நுழையாமலே மேற்பரப்பில் பட்டுத் திரும்பிவிடும். இதில் நிறமே கிடையாது. விளக்கின் வெள்ளை அப்படியே திரும்புகிறது. உள்ளிருந்து வரும் நீலமோ 2 விழுக்காடு. மேலே மிதக்கும் வெள்ளை அதைப்போல் இருமடங்கு! வழவழப்பான எனாமலில் அந்த வெள்ளை ஒரே திசையில் போய்விடுவதால் சற்று ஒதுங்கி நின்றால் ஆழ்ந்த நீலம் தெரியும். மங்கல் பூச்சில் அது எல்லாத் திசைகளிலும் சிதறி நீலத்தோடு கலந்து சாம்பல் பூத்தாற்போல் ஆக்கும். ஈரத்துணியால் துடைத்த கரும்பலகை மேலும் கறுத்துத் தெரிவதும், காய்ந்ததும் வெளுப்பதும் இதனால்தான். என் இரண்டு டப்பாக்களும் பளபளப்பு எனாமலாக இருந்ததால் இந்தத் தொல்லையிலிருந்து தப்பினேன். ஒன்று பளபளப்பு, மற்றது மங்கல் என்றிருந்தால், நிறமிகள் இம்மியும் பிசகாமல் ஒத்திருந்தாலும் கதவுகள் ஒத்திரா.

"கம்ப்யூட்டரில் வைத்தால் அப்படியே கலந்து கொடுத்துவிடும்" என்பார்கள் கடையில். அந்தக் கணக்குக்கு அடிப்படை 1931-ல் குபெல்கா, முங்க் என்ற இருவர் வெளியிட்ட சமன்பாடு. நிறமி விழுங்கும் அளவுக்கும் சிதறடிக்கும் அளவுக்கும் உள்ள விகிதத்தை, திரும்பும் ஒளியைக் கொண்டே அது கூறிவிடுகிறது. நல்ல சமன்பாடுதான், ஆயினும் வெறும் 2 விழுக்காடு ஒளியை அளக்கும்போது மேற்பரப்புப் பளபளப்பில் ஏற்படும் சிறு பிழையும் விடையைக் கெடுத்துவிடும். ஒரு கம்பெனியின் சொட்டுக் கணக்கை இன்னொரு கம்பெனியின் இயந்திரத்தில் போடுவதோ முற்றிலும் வீண். நிறமிகளின் வீரியம் வேறு. கலக்கும் மூலப் பெயிண்டும் வேறு. கருநிறங்களுக்கான மூலத்தில் வெண்ணிறமியான டைட்டானியம் டையாக்சைடு இருக்கவே கூடாது. சிறிது இருந்தாலும் நீலம் பால் கலந்தாற்போல் வெளுக்கும்.

பெயரை நம்புவதிலும் பயனில்லை. 'நேவி புளூ' என்பது 1748-ல் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரிகளுக்கு வகுத்த சீருடையிலிருந்து பிறந்த பெயர். அதற்கென ஒரே நிறம் கிடையாது. ஏஷியன், பெர்ஜர், நெரோலாக் என ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி நிற அட்டை உண்டு. பல இடங்களில் வாங்கினாலும் ஒத்திருக்க வேண்டும் என்பவர்கள் எண்ணைக் கேட்பார்கள். ஐ.எஸ். 5 என்னும் இந்தியத் தர அட்டையில் ஆக்ஸ்போர்டு நீலத்துக்கு 105 என்று எண். ஆனால் அந்த எண்ணும் நிறத்தைத்தான் கட்டுப்படுத்தும். எந்த நிறமியைக் கொண்டு அதை அடைவது என்பது கம்பெனியின் விருப்பம்.

அந்த வாரக் கடைசியில் பெயிண்டர் வீட்டுக்குச் சென்று முந்நூறு ரூபாயைக் கொடுத்து, தவறு என்னுடையது என்றேன். அவர் சிரித்துவிட்டு, "அப்பவே சொன்னேனே சார்" என்றார். இரண்டு கதவுகளுக்கும் போதுமான எனாமலை இம்முறை ஒரே கம்பெனியில் வாங்கினோம். டப்பாக்கள் இரண்டாக இருந்ததால் அவர் அவற்றை ஒரு பெரிய வாளியில் ஊற்றி ஒன்றாகக் கலக்கினார். கேட்டில் கை வைக்கும் முன், பழைய காலண்டர் அட்டை ஒன்றில் தடவிக் காயவைத்துக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார். மாலை ஐந்தரைக்கு வந்து பார்த்தார்; விளக்கு போட்ட பிறகும் ஒருமுறை வந்து பார்த்தார். மறுநாள் காலையில்தான் பிரஷை எடுத்தார்.