வேக்குவம் கிளீனர் குழாய் ஜெயிச்ச கதை! ரோபோ போட்டிக்குப் போறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

'நம்ம டீம்ல பெரிய லேப் இல்ல, காஸ்ட்லி ரோபோ இல்ல, நமக்கெல்லாம் எதுக்கு போட்டி?' திருச்சிப் பக்கம் காலேஜ் படிக்கிற பலருக்கும் இந்தத் தயக்கம் இருக்கும். அவங்களுக்காகத்தான் இந்தக் கதை.

2015 மே மாதம். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஐ.சி.ஆர்.ஏ என்ற சர்வதேச ரோபோட்டிக்ஸ் மாநாடு. அங்கே அமேசான் நிறுவனம் 'பிக்கிங் சேலஞ்ச்' என்ற போட்டியை முதல்முறையா நடத்துச்சு. கேட்க ரொம்ப சிம்பிள். 12 அறைகள் கொண்ட ஒரு அலமாரி. உள்ளே பிஸ்கட் பாக்கெட், புத்தகம், பொம்மைன்னு வீட்டுச் சாமான்கள். லிஸ்ட்ல இருக்கிற 12 பொருளை ரோபோ தானா எடுத்துக் கூடையில போடணும். நேரம் 20 நிமிஷம். ஓட ஆரம்பிச்சதும் மனுஷங்க கை வைக்கக் கூடாது. முதல் பரிசு 20,000 டாலர்.

நம்ம வீட்டுல ஒரு குழந்தை செய்யற வேலைதானேன்னு தோணும். ஆனா பல நாடுகள்ல இருந்து வந்த 26 அணிகள்ல நிறைய பேருக்குக் கிடைச்சது பூஜ்யம்! மாசக்கணக்கா உழைச்சுட்டு, அந்த 20 நிமிஷத்துல ஒரு பொருளைக்கூட சரியா எடுக்க முடியல.

ஜெயிச்சது யார்?

ஜெர்மனியின் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழக அணி. 12-ல் 10 பொருளை எடுத்து 148 புள்ளிகள். இரண்டாமிடம் பிடிச்ச எம்.ஐ.டி அணிக்கு 88. பெர்லின் ரோபோவின் கையில ஐந்து விரல் எல்லாம் கிடையாது. வேக்குவம் கிளீனர் குழாய், முனையில ஒரு உறிஞ்சு கப். அவ்வளவுதான்.

விரல்களால பிடிக்கணும்னா, எங்கே பிடிக்கணும், எந்தக் கோணத்துல, எவ்வளவு அழுத்தம்னு ஆயிரம் கணக்கு போடணும். உறிஞ்சுறதா இருந்தா, பொருளின் மேல எங்கேயாவது ஒரு தட்டையான இடம் போதும். கணக்கு குறைஞ்சா கோடு குறையும். கோடு குறைஞ்சா தப்பும் குறையும். வலை மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கிற பென்சில் கப்பை உறிஞ்ச முடியாதுதான். அதை விட்டுட்டு மத்ததை உறுதியா எடுத்தா போதும்ல?

இன்னொரு விஷயமும் செஞ்சாங்க. கையை மட்டும் வளைச்சு நெளிச்சு எல்லா அறையையும் எட்ட முயற்சி பண்ணாம, ரோபோவையே சக்கர மேடையில ஏத்தி நகர வெச்சாங்க. மேல் ஷெல்ஃப்ல இருக்கிற டப்பாவை எக்கி எக்கி எடுக்காம, ஸ்டூலை நகர்த்திப் போட்டு எடுக்கிற அம்மா டெக்னிக்!

ஸ்ரீரங்கத்துல நின்னு யோசிங்க

ரோபோவுக்கு இருக்கிற பெரிய தலைவலி, 'நான் இப்போ எங்கே நிக்கிறேன்?' என்ற கேள்வி. ஸ்ரீரங்கத்துக்குப் புதுசா வர்றவங்களைப் பாருங்க. சித்திரை வீதி, உத்திர வீதி எல்லாம் கோயிலைச் சுத்திச் சதுரமா ஓடும். நாலு பக்கமும் ஒரே மாதிரி தெரியும். ஆனா ராஜகோபுரம் கண்ணுல பட்டா தெற்குன்னு புரிஞ்சிடும். வெள்ளை கோபுரம் தெரிஞ்சா கிழக்கு. நடந்த தூரத்தையும் கோபுரத்தையும் சேர்த்து யோசிச்சா, எந்த மூலையில இருக்கோம்னு சொல்லிடலாம்.

ரோபோவும் இதையேதான் செய்யுது. சக்கரம் எத்தனை முறை சுத்துச்சுன்னு எண்ணும். ஆனா சக்கரம் வழுக்கும், சின்னச் சின்ன பிழை சேர்ந்துக்கிட்டே போகும். அதனால நடுநடுவுல ஏதாவது ஒரு அடையாளத்தைப் பார்த்து, தன் கணக்கைத் திருத்திக்கும். இதுக்குப் பேர் 'லோக்கலைசேஷன்'.

ரூம்ல ஓடுச்சு, மேடையில ஓடலையே?

எல்லா அணியும் புலம்பற வசனம் இது. காரணங்கள் பெரும்பாலும் ரெண்டு.

ஒண்ணு, வெளிச்சம். கறுப்புக் கோட்டைப் பின்தொடரும் லைன் ஃபாலோயர் ரோபோவை எடுத்துக்கோங்க. அதோட சென்சார் அகச்சிவப்புக் கதிரை அனுப்பும். வெள்ளைத் தரை திருப்பி அனுப்பும், கறுப்புக் கோடு உறிஞ்சிக்கும். ஜன்னல் வெயில்லயும் மேடை விளக்குலயும் அகச்சிவப்பு உண்டு. அதனால ஹாஸ்டல் ரூம்ல செட் பண்ணின அளவு, போட்டி நடக்கிற ஹால்ல பொருந்தாது. தீர்வு: ஓடறதுக்கு முன்னாடி ரோபோவே கோட்டுக்கு மேல இடமும் வலமும் அசைஞ்சு, அந்த இடத்தோட கறுப்பு-வெள்ளை அளவைப் புதுசா எடுத்துக்கிற மாதிரி கோடு எழுதுறது.

ரெண்டு, பேட்டரி. 'அரை செகண்ட் திரும்பு'ன்னு எழுதியிருந்தா, சார்ஜ் ஃபுல்லா இருக்கும்போது 90 டிகிரி திரும்பும். சார்ஜ் இறங்கினா மோட்டார் வேகம் குறையும், அதே அரை செகண்ட்ல 70 டிகிரிதான் வரும். அதனால நேரத்தை நம்பாம, சக்கரச் சுற்றை எண்ணித் திருப்பணும்.

யாருக்கு என்ன வேலை?

நாலு பேர் டீம்ல நாலு பேரும் கோடு அடிச்சா வேலைக்கு ஆகாது. ஒருத்தர் மெக்கானிக்கல், ஒருத்தர் எலெக்ட்ரானிக்ஸ், ஒருத்தர் கோடிங். நாலாவது ஆள்தான் முக்கியம்: டெஸ்ட் பண்றவர். வேணும்னே லைட்டை அணைக்கணும், பொருளைக் கோணலா வைக்கணும், எங்கே சொதப்புதுன்னு நோட்டுல எழுதணும். பத்து தடவை ஓட்டி எட்டு தடவையாவது ஜெயிக்கிற கோடு மட்டும் மேடைக்குப் போகணும். முந்தின ராத்திரி ரெண்டு மணிக்கு வர்ற 'மச்சி, ஒரு சூப்பர் ஐடியா'வுக்கு ஸ்ட்ரிக்ட்டா நோ சொல்லணும்!

எங்கே ஆரம்பிக்கலாம்?

சத்திரம் பஸ் ஸ்டாண்டுல இருந்து துவாக்குடி பஸ்ஸைப் பிடிச்சா திருச்சி என்.ஐ.டி. 2005-ல் தொடங்கின அவங்களோட 'பிரக்யான்' தொழில்நுட்ப விழாவுல ரோபோட்டிக்ஸ் போட்டிகள் உண்டு. முதல்ல பார்வையாளரா போய், மத்த டீம் எங்கே தடுமாறுதுன்னு கவனிங்க.

ஐ.ஐ.டி பாம்பே 2012-ல இருந்து நடத்துற 'இ-யந்த்ரா' போட்டியும் காலேஜ் டீம்களுக்கானதுதான். மாசக்கணக்குல படிப்படியா டாஸ்க் கொடுத்து, கத்துக்கொடுத்துக்கிட்டே போட்டி நடத்துவாங்க. கையில ரோபோவே இல்லையா? ஆர்.ஓ.எஸ், கசீபோ ரெண்டும் இலவச சாஃப்ட்வேர். லேப்டாப் திரையிலயே ரோபோவை ஓட்டிப் பழகலாம்.

இந்தியாவால முடியுமான்னு யோசிக்கவே வேண்டாம். ஐ.ஐ.டி கான்பூரும் டி.சி.எஸ்-ஸும் சேர்ந்த அணி, அதே அமேசான் போட்டியில அடுத்தடுத்த வருடங்கள்ல களம் இறங்கியிருக்கு.

அப்புறம், பூஜ்யம் வாங்கினா? சியாட்டில்ல பூஜ்யம் வாங்கினவங்களும் சாதாரண ஆட்கள் இல்ல. எங்கே நின்னுச்சு, ஏன் நின்னுச்சுன்னு அன்னிக்கே உட்கார்ந்து எழுதி வெச்சிடுங்க. அடுத்த வருஷம் உங்க டீமுக்கு அதைவிட நல்ல பாடப் புத்தகம் கிடைக்காது.