நாலு சக்கரம் இருந்தும் பைக் பந்தயமா? ஏடிவி ரேஸுக்கு யார் பொறுப்பு?

டக்கார் ராலியில் மணல்மேடுகளில் சீறிப் பாய்ந்த ‘குவாட்’ வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். ஏடிவி என்று சொல்கிறோமே, அதேதான். நாலு சக்கரம் இருப்பதால் கார் பந்தயக் கணக்கில்தானே வரும்? அதுதான் இல்லை. பைக் பந்தயங்களுக்கான உலக அமைப்பான எஃப்ஐஎம் விதிகளின் கீழ்தான் அவை ஓடின. அதே ராலியில் ஓடும் எஸ்எஸ்வி வண்டிகளோ, கார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ பொறுப்பு.

வித்தியாசம் சக்கரத்தில் இல்லை, உட்காருவதில் இருக்கிறது. குவாடில் குதிரைமேல் ஏறுவதுபோல இரண்டு பக்கமும் கால் போட்டு, ஹேண்டில்பாரைப் பிடித்து ஓட்ட வேண்டும். எஸ்எஸ்வியில் ஸ்டீயரிங், சீட் பெல்ட், சுற்றிலும் இரும்புக் கூண்டு. கவிழ்ந்தால் குவாட் ஓட்டுபவர் தூக்கி வீசப்படுவார். எஸ்எஸ்வி ஓட்டுபவர் கூண்டுக்குள்ளேயே இருப்பார். பாதுகாப்பு விதிகளே வேறு என்னும்போது அமைப்பும் வேறாக இருப்பது நியாயம்தான்.

அங்கீகாரம் என்றால் என்ன?

ஏடிவி பந்தயம் பெரிதாக வளர்ந்த அமெரிக்காவைப் பார்ப்போம். அங்கே காடு, சேறு, ஓடை என்று ஓடும் ஜிஎன்சிசி தொடரை நடத்துவது ‘ரேசர் புரொடக்‌ஷன்ஸ்’ என்ற தனியார் நிறுவனம். அங்கீகாரம் தருவது 1924-ல் தொடங்கிய அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கமான ஏஎம்ஏ. இடம், டிக்கெட், பரிசுப் பணம் எல்லாம் நடத்துபவர் பாடு. வயதுப் பிரிவு, இன்ஜின் அளவு, வண்டிச் சோதனை, கொடி சிக்னல், தகராறு வந்தால் தீர்ப்பு ஆகியவை சங்கத்தின் விதிப் புத்தகப்படி. ஓட்டுபவர் கீழே விழுந்ததும் இன்ஜினை அணைக்கும் கயிறு சுவிட்ச்கூட அந்த விதிகளில் உண்டு.

சாதாரண நாளில் இதெல்லாம் வெறும் பேப்பர் வேலையாகத்தான் தெரியும். விபத்து நடந்தால்தான் ‘ஆம்புலன்ஸ் எங்கே, இன்ஷூரன்ஸ் இருக்கா?’ என்ற கேள்வியே வரும்.

அரசு தலையிட்டதும் உண்டு. விபத்துகள் பெருகியதால், 1988-ல் அமெரிக்க அரசுடன் செய்த ஒப்பந்தப்படி தயாரிப்பு நிறுவனங்கள் மூன்று சக்கர ஏடிவிகளின் விற்பனையை நிறுத்தின. 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு 90 சிசிக்கு மேற்பட்ட வண்டி கூடாது என்ற வரம்பும் வந்தது. ஆனால், அது விற்பனைக்கான கட்டுப்பாடு. களத்தில் யார் எதை ஓட்டலாம் என்பது சங்கத்தின் கையில்.

இந்தியாவில் இந்தக் கார்-பைக் பிரிவினையே இல்லை. எஃப்ஐஏ, எஃப்ஐஎம் இரண்டின் அங்கீகாரமும் பெற்றிருப்பது எஃப்எம்எஸ்சிஐ என்ற ஒரே கூட்டமைப்புதான். உள்ளூர் ஆஃப்-ரோடு ரேஸில் பெயர் கொடுக்கும் முன், அதன் அனுமதி இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

விதி எழுதும் அமைப்புக்கும் ஓர் எல்லை உண்டு. டக்காரில் சிலியின் இக்னாசியோ காசாலே 3 முறை வென்ற குவாட் பிரிவு, 2024 போட்டியோடு முடிந்துபோனது. 2025-ல் அந்தப் பிரிவே இல்லை. எந்தப் பிரிவை வைப்பது, எதை விடுவது என்பது போட்டி நடத்துபவர் முடிவு.